390 எஞ்சினா, 600 எஞ்சினா, மின்மோட்டாரா? ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து மாணவர் அணிகளுக்கு

ஃபார்முலா ஸ்டூடன்ட் என்பது கல்லூரி மாணவர்கள் தாங்களே ஒரு சின்னப் பந்தய வண்டியைக் கட்டி ஓட்டிக் காட்டும் போட்டி. அதற்கு வண்டி கட்டக் கிளம்பும் அணிக்குள் முதல் சண்டை எஞ்சினை வைத்துத்தான் வரும். வரட்டும், நல்லதுதான். சேஸிஸின் (வண்டிச் சட்டத்தின்) பின்பாதி எப்படி இருக்கும், எடை எங்கே விழும், பணம் எவ்வளவு பிடிக்கும், எந்தத் துறைப் பிள்ளைகள் அணியில் வேண்டும், வண்டி எந்த மாதம் தரையில் ஓடும் என்பதெல்லாம் அந்த ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. பர்கூர், செட்டிக்கரை, ஓசூர் பக்கத்திலிருந்து என்னிடம் பேசுகிற தம்பி தங்கைகள் கேட்பது மூன்றுதான்: கேடிஎம் 390 மாதிரி ஒற்றை சிலிண்டரா, ஹோண்டா சிபிஆர் 600 மாதிரி நாலு சிலிண்டரா, இல்லை நேராக மின்சார வண்டிக்கே போய்விடலாமா.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வண்டியோ இரண்டாவது வண்டியோ கட்டுகிற அணிக்கு ஒற்றை சிலிண்டர். ஏற்கெனவே ஓடி முடித்த சேஸிஸ் ஒன்று கையில் இருக்கிறது, எலக்ட்ரிகல் பிள்ளைகள் நாலைந்து பேர் இரண்டு வருஷம் விட்டுப் போகாமல் இருப்பார்கள் என்றால் மின்சாரம். நாலு சிலிண்டர் 600ஐ இந்த இரண்டு மாவட்டத்தில் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். போட்டிக்கு முன்னால் எந்த வண்டி அதிக நாள் ஓடியிருக்கும் என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதற்குக் கீழேதான்.

போட்டியின் கணக்கு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1981இல் அமெரிக்காவில் ஃபார்முலா எஸ்.ஏ.இ. என்று தொடங்கியது. நம் நாட்டில் சுப்ரா எஸ்.ஏ.இ. இந்தியா 2011இல் வந்தது, அப்புறம் ஃபார்முலா பாரத். அது கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வழக்கமாக ஜனவரியில் நடக்கிறது. மொத்தம் 1,000 மதிப்பெண். போட்டிக்குப் போட்டி பங்கீடு சற்று மாறும், அமெரிக்க விதிநூல்படி வடிவமைப்பு விளக்கத்துக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வியாபாரத் திட்டத்துக்கு 75. மிச்சம் 675 ஓட்டத்துக்கு. அதில் 75 மீட்டர் நேர் ஓட்டத்துக்கு 100, எட்டு போடும் ஸ்கிட்பேடுக்கு 75, தனியாக ஒரு சுற்றை வேகமாக ஓடும் ஆட்டோகிராஸுக்கு 125, நடுவில் ஓட்டுநர் மாறி 22 கிலோமீட்டர் ஓடும் எண்டியூரன்ஸுக்கு 275, அதே ஓட்டத்தில் எரிபொருள் சிக்கனத்துக்கு 100. கூட்டிப் பாருங்கள். 22 கிலோமீட்டரை முடிக்காத வண்டிக்கு 375 மதிப்பெண்ணின் பெரும்பகுதி கைக்கே வராது. எஞ்சினின் பலம் மட்டும் நேரடியாகப் பேசுகிற இடம் அந்த 75 மீட்டர்தான்.

பாதையும் அதற்கேற்றதுதான். எண்டியூரன்ஸில் சராசரி வேகம் மணிக்கு 48 முதல் 57 கிலோமீட்டர் வரும்படி, உச்சம் 105ஐ ஒட்டி இருக்கும்படி பாதையைப் போடச் சொல்கிறது விதிநூல். கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டினால் ஒரு குடும்பக் கார் போகிற வேகம். ஸ்கிட்பேடை எடுத்துக்கொண்டால் உள்வட்டத்தின் விட்டம் 15.25 மீட்டர், பாதையின் அகலம் 3 மீட்டர், ஆக வண்டி ஏறத்தாழ 9 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது. ஒரு சுற்றை 6 நொடியில் முடித்தால் பக்கவாட்டு விசை 1 ஜி, அதாவது வண்டியின் எடைக்குச் சமம். 5 நொடியில் முடித்தால் கிட்டத்தட்ட 1.5 ஜி. அந்த 5 நொடிச் சுற்றிலும் வேகம் மணிக்கு 41 கிலோமீட்டர்தான். அந்த ஒரு நொடியைக் குறைத்துக் கொடுப்பது டயர், சஸ்பென்ஷன், எடை, பழகிய ஓட்டுநர். எஞ்சினுக்கு அங்கே வேலை குறைவு.

இனி 20 மில்லிமீட்டர் கதைக்கு வருவோம், ஏனென்றால் 390ஆ 600ஆ என்ற வாதத்தின் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். விதிப்படி 710 சி.சி. வரை எந்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினையும் போடலாம், ஆனால் எஞ்சினுக்குள் போகிற மொத்தக் காற்றும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஒரு துளை வழியாகத்தான் போக வேண்டும். ரெஸ்ட்ரிக்டர் என்று சொல்வது அதைத்தான். த்ராட்டில் முதலில், அடுத்து ரெஸ்ட்ரிக்டர், அடுத்து எஞ்சின். துளையின் கழுத்தில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு துளி கூடுதலாக வராது. கடல் மட்டத்துக் காற்றில் கணக்குப் போட்டால் அந்த உச்சம் நொடிக்கு 74 கிராம் காற்று. 599 சி.சி. எஞ்சின் ஏறத்தாழ 12,500 ஆர்.பி.எம்.மில் இந்தச் சுவரில் போய் முட்டும். 120 எச்.பி.யை ஒட்டித் தரக்கூடிய சிபிஆர் 600ஆர்ஆர் இங்கே 80க்குப் பக்கத்தில் நின்றுவிடுவது இதனால்தான். 373 சி.சி. உள்ள 390 எஞ்சின் 9,000 ஆர்.பி.எம்.மில் கேட்பது நொடிக்கு 28 லிட்டர், அதாவது 30 கிராமுக்குச் சற்று மேல். சுவரிலிருந்து வெகு தூரத்தில் நிற்கிறது. அப்படியானால் ஒற்றை சிலிண்டருக்கு ரெஸ்ட்ரிக்டர் ஒரு பொருட்டே இல்லையா?

இருக்கிறது, வேறு விதமாக. இதை ஒவ்வொரு அணியும் காகிதத்தில் வரைந்து பார்க்க வேண்டும். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் கிராங்க் இரண்டு முறை சுற்றினால் ஒரே ஒரு முறைதான் காற்றை இழுக்கிறது. சராசரி 30 கிராம் என்றால், வால்வு திறந்திருக்கும் அந்தச் சிறிது நேரத்தில் அது கேட்பது சராசரியின் மூன்று மடங்குக்கு மேல், 90 கிராம், 100 கிராம். 74க்கு மேல் தராத துளை அந்த நேரத்தில் அடைத்துக்கொள்ளும், வால்வு மூடியிருக்கும் நேரத்தில் சும்மா கிடக்கும். இதற்குத்தான் ரெஸ்ட்ரிக்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பிளீனம் என்கிற காற்றுப் பெட்டி. எஞ்சின் அந்தப் பெட்டியிலிருந்து மொண்டுகொள்ளும், துளை விடாமல் பெட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும். நாலு சிலிண்டரில் ஒன்று மாற்றி ஒன்று இழுப்பதால் ஓட்டம் ஏற்கெனவே சீராக இருக்கும், சின்னப் பெட்டி போதும். ஒற்றை சிலிண்டருக்கு எஞ்சினின் கொள்ளளவைவிடப் பல மடங்கு பெரிய பெட்டி வேண்டும். ரொம்பப் பெரிதாகிவிட்டால் த்ராட்டிலை மிதித்த பிறகு பெட்டி நிறைந்து எஞ்சின் எழுவதற்கு ஒரு கணம் தாமதிக்கும், வளைவிலிருந்து வெளியே வரும்போது ஓட்டுநருக்கு அது நன்றாகவே தெரியும். இரண்டு மூன்று அளவில் பெட்டி செய்து மாட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். முப்பரிமாண அச்சில் எடுத்தால் எஞ்சின் சூட்டையும் உள்ளே உண்டாகும் வெற்றிடத்தையும் தாங்குகிற பிளாஸ்டிக்கா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் 1 மி.மீ. அலுமினியத் தகட்டில் டிக் வெல்டிங் வைத்துச் செய்துவிடலாம். ஓசூர் சிப்காட் பக்கத்தில் இதை ஒரு மதியத்தில் முடித்துத் தருகிற கைகள் இருக்கின்றன.

இப்போது 600ஐ ஒரேயடியாகத் தள்ளிவிடாமல் அதன் நல்லதையும் சொல்கிறேன். இரட்டிப்புப் பலம், வழுவழுப்பான ஓட்டம், உலகம் முழுக்கப் பல ஆண்டுகள் மாணவர் அணிகள் ஓட்டிச் சேர்த்து வைத்த அனுபவம். 75 மீட்டரில் 390 வண்டியைத் தெளிவாகப் பின்னால் விட்டுவிடும். ஆனால் எஞ்சின் மட்டுமே 60 கிலோவைச் சுற்றி இருக்கிறது, 390 எஞ்சின் 40க்குள். அந்த 20 கிலோவோடு முடிவதில்லை. பலம் கூடினால் ரேடியேட்டர் பெரிதாகும், டிரைவ் ஷாஃப்ட் தடிக்கும், பெட்ரோல் டேங்க் பெரிதாகும், இதையெல்லாம் தாங்கப் பின்பக்கக் குழாய்கள் கூடும். இறங்கி நிறுத்துப் பார்க்கும்போது வித்தியாசம் எளிதாக 30 கிலோ வந்துவிடும், அந்த 30 கிலோவை ஒவ்வொரு வளைவிலும் டயர் சுமக்க வேண்டும். அமெரிக்காவின் ஒரிகான் ஸ்டேட் பல்கலையும் ஜெர்மனியின் ராவென்ஸ்புர்க் கல்லூரியும் சேர்ந்து அமைத்த ஜி.எஃப்.ஆர். அணி 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிச்சிகனில் வென்றது ஒற்றை சிலிண்டர் வண்டியில்தான், 600 வண்டிகள் வரிசையாக நின்ற போட்டியில்.

அதைவிடப் பெரிய பிரச்சினை எண்ணெய். பைக் வளைவில் சாய்கிறது, அதனால் எஞ்சினுக்குள் இருக்கும் ஆயிலுக்குத் தான் வளைவில் இருக்கிறோம் என்பதே தெரியாது, சம்ப் என்கிற அடித்தொட்டியில் ஒழுங்காகக் கிடக்கும். அதே எஞ்சினைச் சாயாத நாலு சக்கர வண்டியில் போட்டு 1 ஜி வளைவில் சுற்றினால் ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும், 1.4 ஜி என்றால் 54 டிகிரி. ஸ்கிட்பேடில் ஒரே பக்கமாக அடுத்தடுத்து இரண்டு சுற்று, அதாவது பத்து நொடிக்கு மேல் ஆயில் அங்கேயேதான். உறிஞ்சும் குழாயின் வாய் காற்றை இழுக்க ஆரம்பித்தால் ஆயில் பிரஷர் விழும், கிராங்க் பேரிங் போகும். தடுப்புத் தகடு வைத்து சம்ப்பை மாற்றுவது, ஆயில் பிரஷர் குறைந்தால் எஞ்சினை நிறுத்துகிற சுவிட்ச் வைப்பது, கடைசியில் ஆயிலை வெளியே தனித் தொட்டியில் வைக்கிற டிரை சம்ப் என்று இதற்கு வழிகள் உண்டு. ஒற்றை சிலிண்டருக்கும் தடுப்புத் தகடு கட்டாயம் வேண்டும், நழுவிவிடாதீர்கள். வித்தியாசம் எங்கே என்றால், பேரிங் போன பிறகு. 390 எஞ்சினுக்கு உள்பாகம் ஓசூர் டீலரிடம் சொல்லி வைத்தால் வந்துவிடும், இல்லையா, இன்னொரு பழைய எஞ்சினே வாங்கிவிடலாம். 600ஆர்ஆர் பாகத்துக்கு வெளிநாட்டிலிருந்து பார்சல் வரவேண்டும், சுங்கத்தில் நிற்கும், அதற்குள் செமஸ்டர் தேர்வு வந்துவிடும். டிசம்பரில் எஞ்சின் போனால் ஜனவரிப் போட்டி அதோடு சரி.

ஒற்றை சிலிண்டர் என்று முடிவு செய்தால் அடுத்த கேள்வி, 390ஆ அல்லது நம் ஓசூரிலேயே செய்கிற டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310ஆ. இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை, யோசிக்க வேண்டும். பழைய 373 சி.சி. 390 எஞ்சினுக்கு 89 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 60 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 43 எச்.பி. பழைய மாடல் 310 எஞ்சினுக்கு 80, 62.1, 312 சி.சி., 34 எச்.பி. பலத்தில் 390 முன்னால். ஆனால் 310இன் தலைப்பாகம் திருப்பி வைக்கப்பட்டது, காற்று முன்பக்கமாக உள்ளே போய் புகை பின்பக்கமாக வெளியே வருகிறது. ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின் உட்காரும் நம் வண்டியில் இது பெரிய வசதி. 390இல் கொதிக்கிற எக்ஸாஸ்ட் குழாய் ஓட்டுநரின் முதுகுப் பக்கத் தடுப்புச் சுவரை நோக்கி வெளியே வந்து, அங்கேயே மடங்கி, பக்கவாட்டில் சுற்றிப் பின்னால் போக வேண்டும். அந்த வளைவுக்கு இடம் விட்டு, வெப்பத் தடுப்பு போட்டு, எஞ்சினையே சில சென்டிமீட்டர் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். 310இல் குழாய் நேராகப் பின்னால் போய்விடும், அந்த முன்பக்க இடம் பிளீனத்துக்குக் கிடைக்கும். டிஃபரன்ஷியலுக்கு மேலே சூடு படாமல் ஒரு தகடு வைத்தால் போதும். நான் கட்டுவதாக இருந்தால் இன்னும் 390தான் எடுப்பேன், 9 எச்.பி. சிறிய வித்தியாசம் இல்லை, பழைய எஞ்சினும் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் டிவிஎஸ்ஸில் வேலை பார்க்கும் சீனியர் ஒருவர் உங்களுக்கு இருக்கிறார், சனிக்கிழமை வந்து உட்கார்ந்து சொல்லித் தருவார் என்றால் 310ஐ எடுங்கள், அந்த மனிதர் 9 எச்.பி.க்கு மேல் மதிப்பு.

எதை எடுத்தாலும் கேபிள் த்ராட்டில் உள்ள பழைய மாடலாகப் பாருங்கள். 390இல் 2017 மாடலிலிருந்தும், ஆர்ஆர் 310இல் 2020இன் பி.எஸ். 6 மாடலிலிருந்தும் த்ராட்டிலை மோட்டார் திறக்கிறது. விதிநூல் மின்னணு த்ராட்டிலுக்குத் தனி அத்தியாயமே வைத்திருக்கிறது: இரட்டைச் சென்சார், ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் உடனே நிறுத்தம், பிரேக்கோடு சேர்த்துச் சரிபார்ப்பு. முதல் வருஷ அணி அதில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. விபத்தான பைக்கிலிருந்து எஞ்சின் எடுக்கும்போது விற்ற ரசீதும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. நகலும் கையில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் கொடுங்கள்.

ஒற்றை சிலிண்டரின் கெட்ட குணங்கள் இரண்டு. ஒன்று அதிர்வு. பேலன்சர் ஷாஃப்ட் இருந்தாலும் ரப்பர் இல்லாமல் குழாய்ச் சட்டத்தில் இறுக்கிவிட்டால் சட்டம் முழுக்க நடுங்கும், நட்டு தளரும், வயரிங் இணைப்பு விடும், பிளீனம் ஒட்டு விரிசல் விடும். முக்கிய போல்ட்டுகளுக்குப் பூட்டு நட்டோ பூட்டுக் கம்பியோ எப்படியும் விதிப்படி வேண்டும். அதை சோதனைக்காகப் போடாமல் உங்களுக்காகப் போடுங்கள். இன்னொன்று சத்தம். வண்டியை நிற்க வைத்து பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15.25 மீட்டர் வரும் ஆர்.பி.எம்.மில் அளப்பார்கள். 60 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு அது 7,500ஐ ஒட்டி வரும். உச்ச வரம்பு 110 டெசிபல். ஒற்றை சிலிண்டரின் குத்துகிற சத்தத்தை அடக்க மஃப்ளர் கொஞ்சம் பெரிதாகவே வேண்டும், பின்னால் விதி அனுமதிக்கும் தூரத்தைத் தாண்டாமல் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் சட்டத்தின் பின்பாதியை வரைய வேண்டும்.

ஓசூர் அணிகளுக்கு மட்டும் ஒரு விஷயம். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 500ஐச் சுற்றி, கோவை 400. ஓசூரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிடப் பத்து சதவீதம் குறைவு. அங்கே மேப்பிங் செய்துவிட்டு, அதாவது எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று அளவு வைத்துவிட்டு, கோவையில் இறக்கினால் எஞ்சினுக்குள் 6 சதவீதம் போலக் காற்று கூடுதலாகப் போகும், சுப்ரா போட்டிக்காக நொய்டாவில் என்றால் 8, 9 சதவீதம். ஒற்றை சிலிண்டரில் பிளீனத்து அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் பல அணிகள் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, ஆர்.பி.எம். எவ்வளவு என்ற இரண்டை மட்டும் வைத்துப் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கின்றன. அந்த முறைக்குக் காற்று கூடியதே தெரியாது. பெட்ரோல் பழைய அளவில் வரும், கலவை வறண்டுவிடும், எஞ்சின் சூடேறும், த்ராட்டிலை விடும்போது எக்ஸாஸ்டில் வெடிக்கும். வெளிக்காற்று அழுத்தத்தை அளக்கிற சின்னச் சென்சார் ஒன்றைச் சேர்த்து, எஞ்சினின் கணினியான ஈ.சி.யூ.வில் அந்தத் திருத்தத்தை இயக்கி வைத்தால் போதும். போட்டிக்கு முன் ஒருமுறை தருமபுரிக்கு இறங்கி ஓட்டிப் பார்த்துவிட்டால் இன்னும் நிம்மதி.

சரி, மின்சாரம். மனசு அங்கே இழுப்பது இயல்புதான். சூரிச்சின் இ.டி.எச். மாணவர்கள் கட்டிய மித்தன் வண்டி 2023இல் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 0.956 நொடியில் தொட்டது. 140 கிலோ வண்டி, சக்கரத்துக்கு ஒரு மோட்டார். போட்டி விதியில் பலத்துக்கு 80 கிலோவாட், மின்னழுத்தத்துக்கு 600 வோல்ட் என்ற உச்சம் இருக்கிறது, அந்த வரம்புக்குள்ளேயும் நல்ல மின்சார வண்டி எந்தப் பெட்ரோல் வண்டியையும் தோற்கடிக்கும். ரெஸ்ட்ரிக்டர் இல்லை, கியர் இல்லை, மேப்பிங் இல்லை, உயரம் மாறினால் கவலை இல்லை, ஆயில் சாயாது. பொறியியலாகப் பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு இடத்தைப் பார்ப்போம். பேட்டரிப் பெட்டிக்கும் மோட்டார் கன்ட்ரோலருக்கும் நடுவில் இரண்டு பெரிய ரிலே இருக்கின்றன, பாசிட்டிவில் ஒன்று, நெகட்டிவில் ஒன்று. கன்ட்ரோலருக்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் காலியாகக் கிடக்கும். 400 வோல்ட் பேட்டரியை அதோடு நேராக இணைத்தால் கணநேரத்தில் பாய்கிற மின்னோட்டத்தில் ரிலேயின் முனைகள் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு அவசர சுவிட்சை அழுத்தினாலும் அது திறக்காது. அதனால் முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக நிரப்பி (பிரீசார்ஜ் என்பது இதுதான்), பேட்டரியின் மின்னழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட வந்த பிறகுதான் இரண்டாவது ரிலே மூட வேண்டும். அணைக்கும்போது அதே கெப்பாசிட்டர்கள் 5 நொடிக்குள் 60 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இது ஒரு சர்க்யூட். இதே கவனத்தோடு காப்புக் கசிவைக் கண்காணிக்கும் கருவி, ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்க்கும் அமைப்பு, சிவப்பு பச்சை எச்சரிக்கை விளக்கு, பிரேக்கோடு சேர்ந்த நிறுத்தம், 120 வோல்ட்டுக்கும் 6 மெகாஜூலுக்கும் மிகாமல் பிரித்த பேட்டரிப் பகுதிகள் எல்லாம் வேலை செய்ய வேண்டும், வண்டி மேல் தண்ணீர் தெளித்துப் பார்க்கும் மழைச் சோதனையிலும் வேலை செய்ய வேண்டும். ஒன்று தவறினாலும் ஆய்வாளர் பாதையில் இறங்க விடமாட்டார், விடவும் கூடாது. பெட்ரோல் வண்டியில் ஒரு வயர் தப்பாகப் போனால் எஞ்சின் நின்றுவிடும். 400 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் தப்பான இடத்தில் கை வைத்தால் ஆளே போய்விடுவார்.

இங்கே எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "நம்ம மாவட்டத்துலதான் ஏத்தர் இருக்கு, ஓலா இருக்கு, சிம்பிள் எனர்ஜி இருக்கு, இங்க இல்லாத ஈ.வி. பார்ட்ஸா?" ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் சூளகிரியிலும் ஓடும் அந்தத் தொழிற்சாலைகள் செய்வது பெரும்பாலும் ஸ்கூட்டர். ஸ்கூட்டர் மோட்டாரின் உச்சப் பலம் பத்து கிலோவாட்டுக்கு முன்னே பின்னேதான், பேட்டரி 50 வோல்ட்டைச் சுற்றி. பந்தய வண்டிக்கு அந்த மோட்டார் பற்றாது. எம்ராக்ஸ் மாதிரி மோட்டாரும் அதற்கேற்ற கன்ட்ரோலரும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், 600 எஞ்சினுக்குச் சொன்ன அதே பார்சல் பிரச்சினைதான், விலை மட்டும் பல மடங்கு. அந்தத் தொழிற்சாலைகளிலிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடியது பொருளைவிட ஆட்கள். செல் சோதிக்கிறவர்கள், பி.எம்.எஸ். என்கிற பேட்டரிக் கண்காணிப்பு மென்பொருள் எழுதுகிறவர்கள் பஸ் ஏறினால் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கிறார்கள். படிப்பு முடித்த பிறகு இதே ஊரில் வேலையும் அங்கேதான் இருக்கிறது, பிரீசார்ஜ் சர்க்யூட்டைத் தன் கையால் செய்த பிள்ளைக்கு இன்டர்வியூவில் பேச நிறைய இருக்கும். மின்சாரத்துக்கு ஆதரவாக நான் ஏற்கும் வலுவான வாதம் இதுதான், லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

இடமும் பார்க்க வேண்டும். 22 கிலோமீட்டர் ஓட 6 கிலோவாட் மணியை ஒட்டி செல் வேண்டும், அது பெட்டியோடு 50 கிலோ வரும். ஒற்றை சிலிண்டர் வண்டி அதே தூரத்துக்குக் குடிப்பது மூன்று லிட்டருக்கு முன்னே பின்னே. எந்தச் செல்லும் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது விதி. நம் கல்லூரிகளில் அணிக்குக் கொடுப்பது பெரும்பாலும் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சித்திரை வெயிலில் தருமபுரியில் அந்தக் கொட்டகைக்குள் நிற்கவே முடியாது, பேட்டரியை அங்கே வைத்துச் சார்ஜ் போடுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். தனி அறை, காற்றோட்டம், புகை அலாரம், 1,000 வோல்ட் கையுறை, எப்போதும் இரண்டு பேர் என்ற கட்டுப்பாடு இதையெல்லாம் நிர்வாகம் எழுத்தில் கொடுத்த பிறகுதான் செல்லுக்கே ஆர்டர் போட வேண்டும்.

ஓட்டிப் பழகும் இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த முடிவெல்லாம் அதற்காகத்தான். ஸ்கிட்பேடுக்கு முழுசாக 40 மீட்டருக்கு 22 மீட்டர் தார்த்தரை இருந்தால் போதும், கல்லூரிப் பஸ் நிறுத்துமிடம் ஞாயிற்றுக்கிழமை அதற்குச் சரியாக இருக்கும். சுண்ணாம்புக்கோடு, கோன், ஓரத்தில் பழைய டயர், தீயணைப்பான், நிறுத்து சுவிட்ச் பக்கத்தில் ஒரு ஆள். நேர் ஓட்டத்துக்கு 75 மீட்டரும் நிறுத்த அதைப்போல இன்னொரு பங்கும். சிப்காட் ரோட்டில் விடியற்காலையில் யாரும் இல்லை என்று வண்டியை இறக்குவது மட்டும் வேண்டாம், லாரி எந்த வளைவிலிருந்து வரும் என்று தெரியாது. ஆகஸ்டில் ஓட ஆரம்பிக்கிற 390 வண்டி ஜனவரிக்குள் தன் நோயை எல்லாம் காட்டிவிடும்: செயின் இழுபடுவது, பிரேக் பெடல் வளைவது, ரேடியேட்டருக்குக் காற்று போதாமல் இருப்பது, இரண்டாவது ஓட்டுநரின் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிப்பது. டிசம்பர் கடைசியில் முதல் முறை ஸ்டார்ட் ஆகிற 600 வண்டிக்கும், இன்னும் பேட்டரிப் பெட்டி மூடப்படாத மின்சார வண்டிக்கும் அதே நோய்களெல்லாம் கோவையில்தான் தெரியவரும். தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் வழியாக 407 லாரியில் கட்டிக்கொண்டு போன வண்டி ஆய்வுக் கூடாரத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பினால் அணிக்குள் அடுத்த வருஷத்துக்கு ஆள் நிற்பதும் கஷ்டம்.

எனவே இந்த வருஷம் 390ஐ எடுக்கிற அணி சேஸிஸை வரையும்போதே பின்பாதியைக் கொஞ்சம் விசாலமாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் முன்பாதி, சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் நன்றாக ஓடிவிட்டால் மூன்றாவது வருஷம் அதே முன்பாதியோடு மின்சாரத்துக்குப் போகலாம். அதுவரை எலக்ட்ரிகல், இ.சி.இ. பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டாம். 12 வோல்ட்டை ஒட்டி, பன்னிரண்டு செல்லில் ஒரு சின்னப் பேட்டரி கட்டி, செல் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் படிக்கிற போர்டு ஒன்றைத் தாங்களே செய்து, அதை 390 வண்டியின் ஸ்டார்ட்டர் பேட்டரியாக மாட்டி ஓட்டட்டும். அதிர்வும் சூடும் அதிகமான அந்த வண்டியில் ஒரு சீசன் முழுக்க விடாமல் வேலை செய்த போர்டை வைத்துக்கொண்டு 400 வோல்ட்டுக்குப் போகலாமா என்று அப்போது உட்கார்ந்து பேசலாம்.